யாருடைய நகை?



எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுவிட்டீர்கள். இன்று சில சின்னச் சொற்களைப் பார்ப்போம். என், உன், அவர், எங்கள், நம், தன். ஒரு பொருள் யாருடையது என்று சொல்பவை இவை. சொல் சின்னது. ஆனால் பத்திரத்திலும் மனுவிலும் இதுதான் பெரிய ஆள்.

'நான்' என்பது 'என்' ஆகும். என் வீடு. 'நீ' என்பது 'உன்' ஆகும். உன் மாடு. 'எனது வீடு', 'என்னுடைய வீடு' என்றாலும் பொருள் ஒன்றே.

சித்தூர், திருப்பதிப் பக்கம் நாம் வீட்டில் தமிழ் பேசுகிறோம். கடைத்தெருவில் தெலுங்கு பேசுகிறோம். அதனால் ஒரு வேடிக்கை. தெலுங்கில் 'நீ இல்லு' என்றால் 'உன் வீடு'. அந்தப் பழக்கத்தில் தமிழில் 'நீ வீடு' என்று எழுதிவிடாதீர்கள்! ஆனால் இன்னொன்றில் இரண்டு மொழியும் அக்கா தங்கை. தெலுங்கில் 'மா ஊரு', 'மன ஊரு' என்கிறோம் அல்லவா? தமிழில் 'எங்கள் ஊர்', 'நம் ஊர்'. கேட்பவரைச் சேர்க்காவிட்டால் 'எங்கள்'. சேர்த்தால் 'நம்'. குழாய் கேட்டுக் கலெக்டருக்கு மனு எழுதுகிறோம். அவர் நம் தெருக்காரர் இல்லையே! 'எங்கள் தெருவுக்குக் குழாய் வேண்டும்' என்றுதான் எழுத வேண்டும். மகளிர் சங்கக் கூட்டத்தில் 'நம் சேமிப்பு' என்கிறோம். அங்கே ஒருவர் 'எங்கள் சேமிப்பு' என்றால் மற்றவர்களின் முகம் மாறிவிடும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள்.

'லட்சுமி கமலாவிடம் தன் நகையைக் கொடுத்தாள்.' நகை யாருடையது? லட்சுமியுடையது. கொடுத்தவள் யாரோ, 'தன்' அவளைச் சேரும்.

'லட்சுமி கமலாவிடம் அவள் நகையைக் கொடுத்தாள்.' இது யார் நகை? கமலாவுடையதாக இருக்கலாம். வேறு ஒருத்தியுடையதாகவும் இருக்கலாம். அடகு வைக்கக் கொடுத்தாளா, அடகில் இருந்ததைத் திருப்பிக் கொடுத்தாளா? நாளைக்குத் தகராறு வந்தால் இந்தச் சீட்டு யாருக்கும் உதவாது. அதனால் கடன் சீட்டில் 'அவள்', 'அவர்' வேண்டாம். 'லட்சுமியின் நகை' என்று பெயரையே எழுதுங்கள். கைநாட்டு வைத்த காலத்தில் அடுத்தவர் படித்துச் சொன்னதை நம்பினோம். இனி கையெழுத்துப் போடும் முன் இந்தச் சொற்களை விரல் வைத்துத் தேடுங்கள்.

அக்காமாரே, உங்களுக்கு இன்னொன்று. அப்பா வைத்திருக்கும் பரம்பரை நிலத்தை 'எங்க அண்ணன் நிலம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆந்திராவில் 1986-இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பங்கு உண்டு என்றது. ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்த பெண்களை அது சேர்க்கவில்லை. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தத்தில் அந்தத் தடை இல்லை.

இதோ பலகை, இதோ சுண்ணாம்புக் கட்டி. 'என் பங்கு' என்று எழுத யார் முதலில் வருகிறீர்கள்?