ஒரே தண்ணீரையா குடிக்கிறோம்?

(சிதம்பரத்தில் மாணவர்கள் கூடிய படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடலூரிலிருந்து பேருந்தில் வரும்போது பக்கத்தில் இருந்த தம்பி ஒருவர் செல்பேசியில் ஒரு காணொலியைக் காட்டினார். "குடிதண்ணியில ஃப்ளூரைடு கலந்து மூளையை மழுங்கடிக்கிறாங்களாம். அமெரிக்காவே தடை பண்ணிடுச்சாம். நம்ம ஊர்லயும் கலக்குறாங்களா அண்ணா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடுவதாகவே இந்தப் பேச்சை வைத்துக்கொள்கிறேன்.

முதலில் விவரத்தைப் பார்ப்போம். பல் சொத்தையைக் குறைப்பதற்காக 1945 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில்தான் குடிநீரில் ஃப்ளூரைடு கலக்கத் தொடங்கினார்கள். இப்போது அங்கே பரிந்துரைக்கப்படும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். 2024 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ஒருவர், இந்த அளவே குழந்தைகளின் அறிவுத்திறனைப் பாதிக்கும் ஆபத்து இருப்பதாகக் கூறி, அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார். 2025இல் யூட்டா மாநிலம் தடை விதித்தது. அமெரிக்கா முழுவதும் தடை இல்லை. பல் மருத்துவர் சங்கம் இந்தத் தடையை எதிர்க்கிறது. வாதம் இன்னும் முடியவில்லை.

நம் நாட்டில் குடிநீரில் ஃப்ளூரைடு கலக்கும் திட்டம் கிடையாது. இங்கே பிரச்சினை தலைகீழ். பாறையிலேயே ஃப்ளூரைடு இருக்கிறது. கடினப் பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறு போடும்போது, பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கிய தண்ணீர் அதையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. அதற்கு மேல் போனால், பல் உருவாகும் வயதில் குடிக்கும் குழந்தைக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழுகின்றன. அளவு மிக அதிகமாகிப் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். சத்துணவு இல்லாத உடம்பில் பாதிப்பு இன்னும் கூடும். காய்ச்சிக் குடித்தாலும் ஃப்ளூரைடு போகாது.

இதற்கு மருந்து என்ன? 1923இல் அமெரிக்காவின் ஓக்லி என்ற சிற்றூரில், புதுக் குழாய் போட்ட பிறகு பிள்ளைகளின் பல்லில் கறை விழுகிறது என்று தாய்மார்கள் கவனித்துச் சொன்னார்கள். அங்கே போன மெக்கே என்ற பல் மருத்துவர், அந்தத் தண்ணீரை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்கு மாறுங்கள் என்றார். மாறினார்கள். சில ஆண்டுகளில் சின்னப் பிள்ளைகளுக்கு முளைத்த பற்களில் கறை இல்லை. காரணம் ஃப்ளூரைடு என்று தெரிவதற்கு முன்பே தீர்வு தெரிந்துவிட்டது: தண்ணீரை மாற்று.

நம் பக்கம் வாருங்கள். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோய் 1937இலேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளூரோசிஸ் தணிப்புத் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு, 2013இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஓக்லியிலிருந்து கணக்குப் போட்டால் 90 ஆண்டுகள்.

பணம், மாநிலத் தகராறு என்று பல காரணங்கள் சொல்லலாம். ஆனால் குழாய் போடத் தெரியாத நாடல்ல இது. நமக்குப் பக்கத்திலுள்ள வீராணம் ஏரித் தண்ணீர் 2004இலேயே சுமார் 230 கிலோமீட்டர் கடந்து சென்னைக்குப் போய்விட்டது. போகக் கூடாது என்று சொல்லவில்லை. அங்கேயும் குடத்தோடு வரிசையில் நிற்பவர்கள் நம் மக்கள்தான். எந்தத் தாகம் அவசரம் என்று முடிவு செய்பவர் யார் என்றுதான் கேட்கிறேன்.

ஆய்வுக்காகத் தருமபுரி பக்கம் ஒரு காலனிக்குப் போயிருந்தேன். குழாயில் தண்ணீர் வராத நாளில் அங்கே அடிபம்புதான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, சிரிப்பு வந்தால் உடனே கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். "பல்லே விளக்க மாட்டியா? வீட்ல பாக்கு போடுறாங்களா?" என்று வகுப்பில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவள் தினமும் இரண்டு வேளை பல் விளக்குகிறவள். தேய்த்தால் போகிற கறை அல்ல அது. ஊர்த்தெருப் பிள்ளைக்கும் கறை வரும். அங்கே அதற்குத் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். காலனிப் பிள்ளைக்கு வந்தால் அது அழுக்கு, பழக்கம், வளர்ப்பு. தண்ணீர் போட்ட கறையைச் சாதி தன் வழக்கப்படி படித்துக்கொள்கிறது.

அமெரிக்க வாதத்தில் இரு தரப்பும் ஒன்றை ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறார்கள். ஊர் முழுவதற்கும் ஒரே குழாய், ஒரே தண்ணீர். அதில் கலக்கலாமா, கூடாதா என்பதுதான் சண்டை. நம் கிராமங்களில் அந்த ஒரே தண்ணீர் எங்கே இருக்கிறது? ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்து நாடே அதிர்ந்தது. தொட்டியே தனித்தனியாக இருப்பதைக் கண்டு யாரும் அதிரவில்லை.

ஃப்ளூரைடு விஷயத்தில் இதற்கு நேரடிப் பொருள் உண்டு. பாறை நிலத்தில் சில நூறு அடி தள்ளிப் போட்ட இரண்டு போர்களில் அளவு வேறு வேறாக இருக்கலாம். ஊர்த் தொட்டியில் மாதிரி எடுத்து, கிராமம் முழுவதும் பாதுகாப்பானது என்று எழுதிவிட்டால், காலனியின் போர் அந்தத் தாளில் இல்லாமலே போய்விடும்.

அந்தத் தம்பிக்குச் சொன்னேன்: பேஸ்ட்டைத் தூக்கிப் போடாதே. சொத்தையைத் தடுக்க அளவான ஃப்ளூரைடு உதவும். சிதம்பரம் கடலோரத்தில் நம் ஆட்களின் பெரிய புகார் உப்புத் தண்ணீர். ஆனால் உப்பு நாக்குக்குத் தெரியும், ஃப்ளூரைடு தெரியாது. சோதித்தால்தான் தெரியும். கேன் தண்ணீர் வாங்க முடிந்தவர் தப்பித்துக்கொள்வார். முடியாதவருக்காகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊரில் எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள். காலனித் தொட்டிக்குத் தண்ணீர் எந்தப் போரிலிருந்து வருகிறது? அதை எந்தத் தேதியில் சோதித்தீர்கள்? ஃப்ளூரைடு எவ்வளவு? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நான்காவதாக ஒன்றும் கேளுங்கள்: இரண்டு தொட்டி எதற்கு?

மார்ச் 22க்கு இரண்டு நாள் முன்னால் வருவது மார்ச் 20. 1927இல் அந்த நாளில்தான் அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். அன்று கேட்டதும் பொதுத் தண்ணீரைத்தான். நாம் இன்னும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.