சுக்கான் யார் கையில்?

(இளைஞர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நமது சங்கம் தொலைநோக்கி ஒன்று வாங்க எண்ணியிருக்கிறது. “மோட்டார் பூட்டியதாக வாங்குவோம், பொத்தானை அழுத்தினால் அதுவே நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும், நமக்கு வேலையில்லை” என்று இளைஞர் சிலர் பேசிக்கொள்ளக் கேட்டேன். மோட்டார் வேண்டாம் என்று தடுக்க நான் வரவில்லை. “நமக்கு வேலையில்லை” என்ற அந்தக் கடைசி வார்த்தையைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

பூமி 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் ஒருமுறை தன்னைத்தான் சுற்றுகிறது. ஆகவே வானம் மணிக்கு 15 பாகை வீதம் மேற்கே நகர்வதுபோலத் தோன்றுகிறது. சந்திரன் தன் அகலமளவு நகர இரண்டு நிமிடமே செல்லும். பெரிதாக்கிக் காட்டும் கண்வில்லையில் வியாழனைப் பார்த்தால், “இதோ பார்” என்று அடுத்தவரை அழைப்பதற்குள் அது ஓடிவிடும். இதற்காகவே தொலைநோக்கியைச் சுமக்கும் தாங்கியின் ஓர் அச்சைப் பூமியின் அச்சுக்கு நேராக நிறுத்தி, மோட்டாரால் அதே வேகத்தில் எதிர்ப்புறமாகத் திருப்புகிறார்கள்.

என் இளமையில் நடந்ததைச் சொல்கிறேன். கல்முனைக் கடற்கரையில் ஓரிரவு நண்பர் ஒருவரின் மோட்டார்த் தொலைநோக்கியில் கமராவைப் பூட்டி, அரைமணி நேரம் திறந்துவைத்தோம். மோட்டார் இனிது ஓடியது. நாங்கள் கோப்பி குடித்துக் கதைபேசினோம். படத்தைக் கழுவிப் பார்த்தால் நட்சத்திரமெல்லாம் புள்ளியாக இல்லாமல் கோடுகோடாய்க் கிடந்தன! அதைக் கேட்ட முதிய மீனவர் ஒருவர் சிரித்தார். “தம்பி, எஞ்சின் ஓடினாப் போதுமா? சுக்கான ஆர் புடிச்ச?” என்றார். “ஒருத்தரும் பிடிக்கல்ல, காக்கா” என்றேன். அன்று வெட்கினேன், ஆனால் அதுவே எனக்குப் பாடமாயிற்று.

மோட்டார் ஏன் பிழைக்கிறது? முதலாவது, அச்சு சரியாக நில்லாமை. துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எவ்வளவு உயரத்தில் தோன்றுமென்பது அவ்வூரின் அகலக்கோட்டைப் பொறுத்தது. இலண்டனில் அது 51 பாகைக்கு மேல் நிற்கிறது. தமிழ்நாட்டுக் காவலூர் வானாய்வகத்தில் பன்னிரண்டரைப் பாகை. நமது கல்முனையிலோ ஏறக்குறைய ஏழரைப் பாகைதான். மருதமுனைப் பக்கத்துத் தென்னைகளுக்குள் மறைந்துவிடுகிறது. குளிர்நாட்டாருக்கெனச் செய்த தாங்கிகள் பலவற்றின் அச்சு இவ்வளவு தாழ இறங்காது. வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவே.

துருவ மீன் தெரியாவிட்டால் அச்சை எப்படி நிறுத்துவது? வேட்டைக்காரன் கூட்டத்தின் இடுப்பிலே வரிசையாய் நிற்கும் மூன்று மீன்களை நீங்கள் அறிவீர்கள். அவற்றில் ஒன்று உச்சிக்கு வரும்போது குறுக்கிழையில் வைத்துப் பாருங்கள். அது தெற்கே ஒதுங்கினால் அச்சின் முனை கிழக்கே விலகியிருக்கிறது. வடக்கே ஒதுங்கினால் மேற்கே விலகியிருக்கிறது. பின்பு கீழ்வானில் நிற்கும் மீன் ஒன்றைப் பாருங்கள். தெற்கே ஒதுங்கினால் அச்சு தாழ்ந்திருக்கிறது. வடக்கே என்றால் உயர்ந்திருக்கிறது. கிழக்கே கடல் திறந்து கிடக்கும் நமக்கு இது வாய்ப்பானதன்றோ!

இரண்டாவது பிழை பற்சக்கரத்தில் உள்ளது. திருகாணி போன்ற தண்டொன்று சக்கரத்தைத் தள்ளுகிறது. அதில் மயிரிழைக் குறையிருந்தாலும், தண்டு சுற்றுந்தோறும் நட்சத்திரம் முன்னும் பின்னும் ஆடும். இதனைத் திருத்தவே கைவேலை வேண்டும். பெரிய குழாயின்மேல் சிறு தொலைநோக்கி ஒன்றைப் பூட்டி, குறுக்கிழையில் ஒரு மீனை நிறுத்துக. அதைச் சற்று மங்கலாக்கினால் சிறு வட்டமாகும். இழைகள் அதனை நான்கு சமகூறாக்கும். ஒரு கூறு பெருத்தால் உடனே கண்ணுக்குத் தெரியும். கையிலுள்ள பெட்டியில் நான்கு திசைக்கும் நான்கு பொத்தான்கள் உண்டு. எந்தப் பொத்தான் மீனை எப்பக்கம் நகர்த்துகிறதென்று முதலில் பழகிக்கொள்க. பின்னர் மெல்லத் தொட்டுத் தொட்டு விடுக. நீள அழுத்தினால் மறுபுறம் ஓடிவிடும். மருதமுனைத் தறிகளில் இழை அறுமுன் கண் அறிகிறதே, அந்தப் பழக்கமே இது.

பெரிய ஆய்வுகளும் இவ்வாறே நடந்தன. மில்ரன் ஹியூமசன் என்பவர் இளமையிலே பள்ளியை விட்டு, அமெரிக்காவின் மௌண்ட் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றியவர். 1917-இல் அங்குள்ள வானாய்வகத்தில் துப்புரவாளரானார். பின்னர் 100 அங்குலத் தொலைநோக்கியின் அருகே குளிரில் இரவிரவாக இருந்து, ஒரு மீனைக் குறுக்கிழையில் காத்தார். அப்பெரிய கருவிக்கும் கடிகாரப் பொறி இருந்தது. ஆயினும் மனிதக் கண் வேண்டியிருந்தது. ஒரே படத்துக்குப் பல இரவுகள் சென்றதுமுண்டு. அவர் அளந்த வேகங்கள், அண்டம் விரிகிறதென்பதற்குப் பெருஞ்சான்றாயின. 1961-இல் ஒரு வால்வெள்ளியையும் கண்டுபிடித்தார். அவரை உயர்த்தியது பட்டமன்று, பொறுமை.

இன்று சிறு கமராவும் கணினியும் இவ்வேலையைச் செய்கின்றன என்பதை அறிவேன். செய்யட்டும். ஆனால் அச்சு பிழைத்ததா, பல் பிழைத்ததா, காற்று அசைத்ததா என்று கணினி தடுமாறும் இரவில், கையால் பழகியவனே காரணம் அறிவான். பழகாதவன் கருவியைத் திட்டிவிட்டு வீடு போவான்.

ஆகவே பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள்: மோட்டாருள்ள தொலைநோக்கியே வாங்குங்கள், குறுக்கிழைக் கண்வில்லையையும் சேர்த்து வாங்குங்கள். இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதல் மூன்று மாதம் தானியங்கிக் கமராவைத் தொடாதீர்கள். இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் கண் சோரும்போது மற்றவர் மாறி, ஒரு மீனை அரைமணி நேரம் இழையில் நிறுத்திக் காட்டுங்கள். அயலூர் நண்பர்களையும் அழையுங்கள். வானம் எல்லோருக்கும் ஒன்றே.

எஞ்சின் ஓடட்டும், சுக்கான் உங்கள் கையில் இருக்கட்டும்.