சத்தம் வருது, படம் வரலை

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி, டிவி நின்றால் குரங்கின் மேல் பழியைப் போடலாம். திரையில் 'சிக்னல் இல்லை' என்று எழுத்து வந்தால் அது நியாயமான பழிதான். மாடியில் டிஷ் ஒயரைப் பாருங்கள், டிவிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாக இருக்கிறதா? அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து அடியுங்கள். படம் மங்கலாக நகர்ந்தால் பேனல் பிழைத்திருக்கிறது. பின்னாலிருந்து வெளிச்சம் தரும் எல்இடி பட்டை போயிருக்கலாம். அதன் விளக்குகள் கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி. ஒன்று போனால் வரிசையே அணையும். பட்டையை மாற்றினால் போதும். 'பேனல் போச்சு, புதுசு வாங்குங்க' என்பவரிடம் இந்த டார்ச் சோதனையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்!

பின்மூடியை மட்டும் நீங்கள் கழற்ற வேண்டாம். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

கார்த்திகை தீபத்தை நேரலையில் பார்க்க நினைப்பவர்கள் மெக்கானிக்கை முன்கூட்டியே கூப்பிடுங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் செங்கம் சாலையில் அவர் வண்டி நகராது.