தோட்டக் கழிவில் விளையும் மருந்துக் காளான்

செம்பனை ஆலைக்கு 100 டன் பழக்குலை போனால், அதில் ஏறக்குறைய 22 டன் வெறும் குலையாக வெளியே வருகிறது. ரப்பர் மரம் அறுக்கும் ஆலைகளில் மரத்தூள் குவிகிறது. கெடா, பெர்லிஸ் வயல்களில் அறுவடைக்குப் பின் வைக்கோல் கிடக்கிறது. கழிவு என்று ஒதுக்கப்படும் இவை அனைத்தும் காளானுக்கு உணவு.

காளானில் பச்சையம் இல்லை. ஆகவே, அது தன் உணவைத் தானே தயாரிக்க முடியாது. மரத்தையும் நாரையும் கரைத்து உண்டுதான் வளர்கிறது. சீன மருத்துவத்தில் நெடுங்காலமாகப் போற்றப்படும் லிங்சி காளானும் இவ்வகையைச் சேர்ந்ததே.

மலேசியாவில் லிங்சி வளர்ப்புக்கு ரப்பர் மரத்தூளே பெரிதும் பயன்படுகிறது. 100 பங்கு மரத்தூளுடன் 10 பங்கு அரிசித் தவிடும் 1 பங்கு சுண்ணாம்புத் தூளும் கலந்து, நீர் தெளிக்க வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரியலாம். நீர் ஒழுகக் கூடாது. கலவையைப் பிளாஸ்டிக் பைகளில் இறுக்கி நிரப்பி, கொதிநீராவியில் பல மணி நேரம் வேக வைத்து, ஆறிய பின்னரே காளான் வித்தை இட வேண்டும். வெறும் குலையைப் பயன்படுத்துவோர், எண்ணெய்ப் பசை போக அலசி, சிறு துண்டுகளாக நறுக்கிச் சேர்க்கலாம்.

பைகளில் வெண்ணிழை பரவி முடித்த பின் காற்றோட்டம் மிக முக்கியம். காற்று போதாவிட்டால் லிங்சி குடைபோல் விரியாமல் மான்கொம்புபோல் நீண்டுவிடும். சுத்தம் குறைந்தால் பச்சைப் பூஞ்சை பிடித்துப் பைகள் வீணாகும். புதியவர்கள் முதலில் சிப்பிக் காளானை வளர்த்துக் கைப்பழக்கம் பெறுவது நல்லது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. செம்பனையின் அடிமரத்தை அழுகச் செய்து மரத்தையே கொல்லும் கானோடெர்மா, லிங்சியின் இனத்தைச் சேர்ந்தது. ஆனால், வேறு வகை. தோட்டத்து மரத்தில் முளைத்ததைப் பிடுங்கி மருந்தென்று கொதிக்க வைத்துக் குடிக்கக் கூடாது.

இன்னொன்று, விற்பனையில் நேர்மை. லிங்சி புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே 2016ஆம் ஆண்டில் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. புற்றுநோய், நீரிழிவு போன்றவற்றைக் குணமாக்கும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. மாத்திரையாகவோ குளிகையாகவோ செய்து விற்க, சுகாதார அமைச்சின் பதிவு எண் வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர், மருத்துவரைக் கேட்காமல் லிங்சியைத் தொடக் கூடாது. அதை நம்பி மருத்துவமனைச் சிகிச்சையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

அறுவடை முடிந்த பைகளிலுள்ள தூளை மக்கவைத்தால் காய்கறிச் செடிகளுக்கு நல்ல உரமாகும். கழிவாக வந்தது மருந்துப் பொருளாகி, உரமாக மண்ணுக்கே திரும்புகிறது. வீட்டின் பின்புறம் ஒரு சிறு கொட்டகையும், சுத்தமும், வாங்குவோரிடம் உண்மையும் இருந்தால், இது ஒரு குடும்பத்துக்குக் கைகொடுக்கும் தொழிலாக அமையும்.