அழியாத மையும் நல்லதொரு கொப்பியும்



வழமையாக நான் கணக்கு, வரி என்றுதான் பேசுவேன். இன்றைக்குக் கொப்பி, பேனை பற்றிச் சில வார்த்தைகள். டயறி எழுதுகிறவர்களுக்கும், "ஊர்க்கதைகளை எழுதி வைக்கவேணும்" என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கும் உரியது இது.

எங்களில் பலர் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் படம் எதுவும் இல்லாமல் வந்து சேர்ந்தவர்கள். குடும்பத்தின் பதிவேடு இப்போது வயதுபோனவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அதை எழுதும்போது, நாற்பது, ஐம்பது வருடம் கழித்தும் பேரப்பிள்ளை வாசிக்கக் கூடியதாக இருக்கவேண்டும் அல்லவா?

முதலில் மை. ஊற்றுப் பேனைக்கு விற்கும் நீல மைகளில் பல வெறும் சாயம். தண்ணீர் பட்டால் கரையும், வெளிச்சத்தில் வெளிறும். இங்கே இங்கிலாந்தில் 2021 மே மாதம் வரை திருமணப் பதிவேட்டில் எழுதியது இரும்புச் சத்துள்ள தனி மையால். அது காயக் காயக் கருத்துக் கடதாசியோடு ஒன்றிவிடும். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. 'பிக்மென்ற்' மை உள்ள கறுப்புப் பேனை போதும். குமிழ்முனைப் பேனை என்றால் ஐ.எஸ்.ஓ. 12757-2, ஜெல் பேனை என்றால் 27668-2 என்று குறித்திருக்கிறதா பாருங்கள். அவை ஆவணம் எழுதத் தகுந்தவை.

பிள்ளைகள் விரும்பும், உரசி அழிக்கும் ஜெல் பேனை இதற்கு வேண்டாம். உரசும்போது வரும் சூட்டில்தான் அந்த மை மறைகிறது. சுமார் 60 பாகை செல்சியஸ் சூடு பட்டால் முழுப் பக்கமும் வெறுமையாகிவிடும். கொப்பியைச் சூடான றேடியேற்றருக்கு மேல் வைத்தாலே போதும்.

அடுத்தது கடதாசி. பழைய பத்திரிகை மஞ்சளாகி நொறுங்குவதைக் கண்டிருப்பீர்கள். மலிவான கடதாசியில் உள்ள மரச்சத்தும் அமிலமும்தான் காரணம். 'அமிலமற்றது' என்று போட்ட, நூலால் தைத்த கொப்பியாக வாங்குங்கள். சுருள்கம்பிக் கொப்பியில் தாள் இலகுவாகக் கிழிந்துவிடும். ஏ5 அளவு, அதாவது 148க்கு 210 மில்லிமீற்றர், கைக்கு அடக்கமானது.

கடைப் பற்றுச்சீட்டு, பயணச்சீட்டு ஒட்டி வைக்கிறவர்கள் கவனியுங்கள். அவற்றில் அநேகமானவை சூட்டினால் அச்சாகும் கடதாசி. சில வருடத்தில் எழுத்து மங்கிப்போகும். கணக்காளர்களுக்கு இது நல்லாகத் தெரியும். பிரதி எடுத்து அதை ஒட்டுங்கள். செலோரேப் வேண்டாம், காலப்போக்கில் பழுப்பேறிக் கறை பிடிக்கும். படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் பெயர்களை எழுதுங்கள்.

இனிக் கணக்குப் புத்தகத்தின் ஒழுங்கு. பக்கங்களுக்கு இலக்கமிடுங்கள். திகதி போடுங்கள். யார் சொன்னது என்று குறியுங்கள். பிழைத்தால் ஒற்றைக் கோட்டால் வெட்டுங்கள், தாளைக் கிழிக்காதீர்கள். புதுச்சேரியில் வணிகராகவும் துபாஷியாகவும் இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அந்தக் காலத்தை அறிய இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறு பிரதி இல்லாத ஏடுகளும் சேர்ந்து எரிந்தன. ஆகவே எழுதி முடித்த பக்கங்களைப் பிரதி எடுத்து இன்னொரு வீட்டில் வையுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராதென்றால், பெயர்களையும் ஊர்களையுமாவது ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

இந்தச் சனி, ஞாயிறில் ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் அப்பம்மா, அம்மம்மாவின் முழுப்பெயர், பிறந்த ஊர், அவர்களுடைய தாய் தகப்பன் பெயர். தெரியாவிட்டால், தெரிந்த மூத்தவருக்கு இன்றைக்கே தொலைபேசி எடுங்கள். பேனையும் கடதாசியும் நாளைக்கும் கடையில் இருக்கும்.