கையால் செய்து கையில் கொடுப்பது



கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில், குன்றின்மேல் பொன்மலை வேலாயுதசாமி கோயில் கொண்டிருக்க, தென்னந்தோப்புகளும் காய்கறித் தோட்டங்களும் சூழ்ந்திருக்கும் கிணத்துக்கடவில், ஒரு குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் வேண்டுமென்றாலும், அந்தக் குழந்தை வேறொருவருக்குப் பரிசு கொடுக்க வேண்டுமென்றாலும், நம் நினைவு முதலில் கடைத்தெருவை நோக்கியே செல்கிறது என்பது எனக்கு நெடுநாளாக வருத்தம் தரும் விஷயம். தோப்பில் விழுந்து கிடக்கும் ஓலையும், களத்தோரம் அடுக்கியிருக்கும் சோளத்தட்டும், குளத்து வண்டலும், பரண்மேல் சேர்ந்துபோன செய்தித்தாளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, எங்கோ அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பொம்மை ஒன்றை விலை கொடுத்து வாங்கி, மினுமினுக்கும் காகிதத்தில் சுற்றி, "இதைக் கொண்டுபோய் மாமன்கிட்டக் குடு சாமி" என்று குழந்தையின் கையில் கொடுத்தனுப்புகிறோம். அந்தப் பரிசில் குழந்தைக்கு உள்ள பங்கு, அதை வாசல்வரை சுமந்து சென்றது மாத்திரமே. அந்தப் பங்கை எப்படிப் பெரிதாக்கலாம், அதையும் அதிகச் செலவில்லாமல் எப்படிச் செய்யலாம் என்பதைக் குறித்தே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் ஓலைக் காற்றாடி. பச்சைத் தென்னை ஓலையிலிருந்து ஈர்க்கை உரித்தெடுத்துவிட்டு, ஒரே அகலத்தில் அரை முழ நீளமுள்ள நான்கு துண்டுகளை நறுக்கி, ஒவ்வொன்றையும் நடுவில் இரண்டாக மடித்துக்கொள்ள வேண்டும். முதலாவது துண்டு தன் மடிப்புக்குள் இரண்டாவதைக் கவ்வவும், இரண்டாவது மூன்றாவதையும், மூன்றாவது நான்காவதையும் கவ்வவும், நான்காவது திரும்பி வந்து முதலாவதன் இரு நுனிகளையும் தன்னுள் வாங்கிக்கொள்ளவும் கோத்து, நான்கு பக்கமும் சீராக இழுத்தால், நடுவில் பாய் முடைந்தாற்போல ஒரு சிறு சதுரம் இறுகி நிற்கும். பக்கத்துக்கு இரண்டாக நீண்டிருக்கும் மடல்களில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றை நறுக்கிவிட்டு, எஞ்சிய நான்கையும் ஒரே திசையில் சற்றே முறுக்கி, சதுரத்தின் நடுவில் ஒரு வேலமுள்ளைக் குத்தி, அந்த முள்ளைச் சோளத்தட்டின் நுனியில் சொருகினால் காற்றாடி தயார். பாலக்காட்டுக் கணவாயின் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வீசும் ஆனி ஆடி மாதங்களில், இந்தச் சீமையில் குழந்தை ஓடக்கூட வேண்டியதில்லை. வாசலில் நின்று கையை நீட்டினாலே போதும். காட்டுக்குள் உயர்ந்து நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுத்தான் தன் கையிலுள்ள ஓலையையும் சுழற்றுகிறது என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். நாம் விளக்கம் சொல்லி அந்த ஆனந்தத்தைக் குறைக்க வேண்டாம்.

இந்த நான்கு மடிப்பு முடிச்சைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் காலத்தில் வீடுகளில் தொங்கவிடும் காகித நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. நான்கு நீண்ட காகிதத் துண்டுகளை இரண்டாக மடித்து, ஒன்றையொன்று கவ்வக் கோத்து, நடுவில் ஒரு சதுரத்தை இறுக்குவதில்தான் அதன் வேலை தொடங்குகிறது. நம் ஓலைக் காற்றாடியின் முடிச்சு எதுவோ அதுவேதான். அந்த நட்சத்திரத்துக்கு அங்குள்ளவர்கள் இட்டிருக்கும் பெயர், பிரடெரிக் புரோபெல் என்ற கல்வியாளரின் பெயர். 1837ஆம் ஆண்டில் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கென்று ஒரு நிலையம் தொடங்கி, 1840இல் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்ற பொருளில் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் சூட்டியவர் அவர். நூல் பந்து, மர உருண்டை, கனசதுரம் முதலிய விளையாட்டுப் பொருள்களை அவர் வகுத்து, அவற்றைக் குழந்தைக்கு அளிக்கும் கொடைகள் என்றே அழைத்தார். காகிதம் மடித்தல், பின்னுதல், களிமண் பிசைதல் ஆகியவற்றை அவற்றோடு சேர்த்தார். இன்று நம் ஊர்களில் கிண்டர்கார்ட்டன் என்று பலகை மாட்டிய பள்ளிகள் பலவற்றில், மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து எழுத்துப் பயிற்சி செய்விப்பதைக் காணும்போது, அந்தப் பெயரைச் சூட்டியவர் செய்த காரியத்தில் பாதியை நாம் எங்கோ விட்டுவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் தேசத்திலும் கைவேலையைக் கல்வியின் நடுவில் வைக்க வேண்டுமென்று ஓர் இயக்கம் எழுந்தது. 1937ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வார்தாவில் கூடிய மகாநாட்டில் மகாத்மா காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டம் அது. நூற்பு, நெசவு, தச்சு, தோட்ட வேலை போன்ற ஒரு தொழிலின் வாயிலாகவே கணக்கும் மொழியும் பூகோளமும் குழந்தைக்கு வர வேண்டும் என்பது அதன் சாரம். கோவைச் சீமைக்கு இதில் தனி உரிமை உண்டு. 1930இல் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கி, பின்னர் அதைப் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்த்த தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தபோது ஆதாரக் கல்வியைப் பரப்புவதில் மிகுந்த சிரத்தை காட்டினார். ஆதாரப் பள்ளிக் குழந்தைகளின் கையில் சுழன்ற தக்ளி என்ற நூற்புக் கதிரை இன்றைய குழந்தைகள் கண்டிருக்க மாட்டார்கள். உடைந்த ஓட்டுச் சில்லை வட்டமாகத் தேய்த்து, நடுவில் துளையிட்டு, மூங்கில் குச்சி ஒன்றைச் சொருகிவிட்டால் அதுவே தக்ளியாகிவிடும். கொட்டை நீக்கிய ஒரு கை பருத்தியிலிருந்து குழந்தை நூற்கும் நூல் முதலில் கயிறு போலத் தடித்தும், இடையிடையே அறுந்தும் வரும், அதனால் என்ன? அதையே இரண்டு புரியாக முறுக்கிக் கார்த்திகைத் தீபத்துக்குத் திரியாக்கி ஆத்தாவிடம் கொடுக்கலாம். விளக்கெரியத் திரி தடித்திருப்பதே உத்தமம்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வருகிறது. குழந்தை செய்யும் பரிசு, கூடியமட்டும், பெறுகிறவருடைய அன்றாட வாழ்க்கையில் புகுந்து வேலை செய்யும் பொருளாக இருக்க வேண்டும். அலமாரியில் வைத்து, நான்கு நாள் விருந்தினருக்குக் காட்டி, பிறகு மூலையில் போட்டுவிடும் அலங்காரப் பொருளைக்காட்டிலும், தான் செய்த பொருளைத் தன் அப்பாரு தினந்தோறும் கையில் எடுப்பதைக் காணும் குழந்தைக்கு, தன் கைமேலேயே ஒரு நம்பிக்கை பிறக்கிறது. ஆகையால் குழந்தையோடு உட்காரும் முன்பாக, இது யாருக்கு, அவர் வீட்டில் எது இல்லை என்று குழந்தையையே யோசிக்கச் சொல்லுங்கள். அந்த யோசனையே பரிசில் பாதி.

கோடைக்கு மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைக்கும் அம்முச்சிக்குப் பிரிமணை வேண்டும். பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னை நாருக்கு என்ன பஞ்சம்? நாரையோ வைக்கோலையோ ஈரப்படுத்திப் புரியாக முறுக்கி, வளையமாகச் சுற்றி, மேலே மற்றொரு புரியால் நெருக்கமாகக் கட்டிக்கொண்டே வந்தால், ஏழு வயதுக் குழந்தை ஒரு மாலை நேரத்தில் ஒரு பிரிமணையை முடித்துவிடும். கல்யாணம், காதுகுத்து என்று அடிக்கடி போகிற வீட்டுக்கு மொய்க் கவர் வேண்டும். முடிந்துபோன மாதக் காலண்டரின் தடித்த தாளை அளவாக வெட்டி மடித்து, மைதாப் பசையால் ஒட்டி, வெள்ளைப் பக்கம் வெளியே வரும்படி அமைத்து, அதில் குழந்தை தன் மனத்துக்குப் பிடித்த பூவையோ மயிலையோ வரைந்து, பத்துக் கவர்களை ஒரு கட்டாகக் கட்டிக் கொடுத்தால், அந்த வீட்டார் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒன்றை எடுக்கும்போது குழந்தையை நினைப்பார்கள். திருப்பூரிலிருந்து வரும் பனியன் துணித் துண்டுகளை நீளநீளமாகக் கிழித்துச் சடை பின்னி, சடையை வட்டமாகச் சுருட்டித் தைத்தால் கால்மிதி ஆகும்.

ஆயினும் இவற்றுள் எனக்கு மிகப் பிரியமானது காகிதக் கூழ்ப் பெட்டிதான். நம் பாட்டிமார் செய்துவந்த அருமையான வேலை அது. இப்போது அருகிவருவதால் சற்று விவரமாகவே சொல்கிறேன். செய்தித்தாளைச் சிறு சிறு துண்டுகளாகக் கிழிக்க வேண்டும். எந்தக் குழந்தையும் இந்தப் பகுதியை வேண்டாம் என்று சொல்லாது. கிழித்ததைத் தண்ணீரில் இரண்டு நாள் ஊற வைத்து, நீரைப் பிழிந்துவிட்டு, தனியாக ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் மைய அரைத்துக்கொள்ள வேண்டும். வெந்தயத்தின் பசைத்தன்மை காகிதத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பது பெரியவர்களின் வாக்கு. ஒரு குண்டானையோ பானையையோ கவிழ்த்து, அதன்மேல் ஈரத் துணியைப் போர்த்தி, அந்தக் கூழை விரல் கனத்துக்கு ஒரே சீராக அப்பி, வெயிலில் வைத்துவிட வேண்டும். மேல்புறம் இறுகியதும் பாத்திரத்தை மெல்லக் கழற்றி, உட்புறமும் ஈரமின்றி உலரும்வரை காயவிட வேண்டும். இந்த நாள்களில் குழந்தை காலையும் மாலையும் போய்த் தொட்டுப் பார்க்கும்; அவசரப்பட்டுக் கழற்றினால் உடைந்துபோகும் என்பதைத் தொட்டே கற்றுக்கொள்ளும். பொறுமையைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த அப்பியாசம் இருப்பதாக நான் அறியேன். உலர்ந்த பெட்டிக்கு வெளியே செம்மண்ணும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக் கோலம் இட்டால், வெங்காயமும் பூண்டும் போட்டு வைக்க அது பல வருஷம் உழைக்கும். ஈரம் மாத்திரம் ஆகாது.

பண்டிகைகளிலும் குழந்தையின் கைக்கு இடம் உண்டு. போகியன்று ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கொத்தாகக் கட்டி, வீட்டு இறவாரத்திலும் மாட்டுச் சாளையிலும் தோட்டத்திலும் செருகும் காப்புக் கட்டு வழக்கம் கொங்கு நாட்டில் இன்னும் உயிரோடிருக்கிறது. நகரத்துத் தெருவோரங்களில் இந்தக் கொத்தைக் கட்டாகக் கட்டி விலைக்கு விற்கிறார்கள். கிராமத்திலுள்ளவர்களாவது அன்று குழந்தைகளை அழைத்துக்கொண்டு வரப்போரம் நடந்து, ஆவாரையையும் பூளையையும் அவர்களையே பறிக்கச் சொல்லி, கொத்துக் கட்டுவதையும் அவர்களிடமே விட்டு, வயதானவர்கள் தனியாக இருக்கும் அண்டை வீடுகளுக்குப் பரிசாகக் கொடுத்துவரச் செய்யலாம். காசு செலவில்லாத பரிசு; ஊருக்கே உரிய பரிசு.

இதெல்லாம் படிப்புக்கு உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்ற அரவிந்த் குப்தா என்பவர், 1978இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் கிராமப் பள்ளிகளின் விஞ்ஞானக் கல்விப் பணியில் சேர்ந்தபோது, சைக்கிள் வால்வு ட்யூபைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அவற்றில் சொருகி, முக்கோணம் முதல் பெரிய கூண்டுவரை கட்டிக் காட்டினார். முக்கோணம் அசையாமல் நிற்பதையும், சதுரம் சாய்ந்துவிடுவதையும் குழந்தைகள் விரலாலேயே தெரிந்துகொண்டார்கள். எறியும் பொருள்களிலிருந்து விளையாட்டுச் சாமான் செய்யும் பணியில் வாழ்நாளைச் செலவிட்ட அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. படிப்புக்கு உதவுமா என்ற கேள்விக்கு இதற்குமேல் நான் விடை சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோருக்குச் சில எச்சரிக்கைகள் சொல்வது என் கடமை. குன்றிமணியின் நிறத்தில் மயங்கி அதை மாலை கோக்கக் கொடுத்துவிடாதீர்கள். கடித்து விழுங்கினால் அது கொடிய விஷம். ஆமணக்கு விதையும் அப்படியே. மாலைக்குப் புளியங்கொட்டை போதும். அதையும் வாயில் போடும் பருவத்துக் குழந்தைக்குக் கொடுக்கலாகாது. சோளத்தட்டின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் நெட்டியில் சக்கரம் நறுக்கி வண்டி செய்வது நேர்த்தியான விளையாட்டுத்தான். ஆனால் அந்தத் தோலின் விளிம்பு சவரக்கத்திக்குச் சமானம். உரிக்கும் வேலையைப் பெரியவர்களே செய்து கொடுங்கள்.

ஆனால் அதற்கு அப்பால் பெரியவர்களின் கை போகக் கூடாது. கைவேலை செய்யும் குழந்தைக்குப் பெரிய இடையூறு, அன்பு மிகுந்த பெற்றோர்தாம். வளையம் கோணலாக வந்தால் பிடுங்கி நேராக்கி, பூவுக்கு நீல வண்ணம் தீட்டினால் "பூ எங்கியாச்சும் நீலமா இருக்குமாடா" என்று அழித்துவிட்டுச் சிவப்பாக்கி, கடைசியில் பார்க்க அழகான ஒரு பொருளைக் குழந்தையின் பெயரால் தாங்களே செய்து முடிக்கிறார்கள். பள்ளிக் கண்காட்சிகளுக்கு வரும் உருவங்களில் பலவற்றை யார் செய்தார்கள் என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிடுகிறது. அவற்றுக்குக் கிடைக்கும் பாராட்டைக் குழந்தை தலைகுனிந்துதான் வாங்குகிறது. உடன் உட்காருங்கள், கேட்டால் வழி சொல்லுங்கள், உங்கள் பிரிமணையை நீங்கள் தனியாகச் செய்யுங்கள், குழந்தையின் பிரிமணையைத் தொடாதீர்கள். கோணலாக இருந்தாலும் பானை அதன்மேல் நிற்கிறதா என்பதே பரீட்சை. நிற்காவிட்டால், எங்கே தளர்ந்திருக்கிறது என்று குழந்தையே கண்டுபிடித்து மறுபடி கட்டட்டும்.

பெறுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பேரப்பிள்ளைகள் கையால் செய்து கொண்டுவரும் பொருளைப் பத்திரப்படுத்துகிறேன் என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். அன்றைக்கே பானையைப் பிரிமணையின்மேல் ஏற்றுங்கள். அன்றைக்கே அந்தத் திரியில் விளக்கேற்றுங்கள். காகிதப் பெட்டியில் வெங்காயத்தைக் கொட்டுங்கள். தேய்ந்தும் உடைந்தும் போனால், புதிதாக ஒன்று செய்து தா என்று குழந்தையிடம் கேளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, நான்கு ஓலைத் துண்டுகளோடு உங்கள் குழந்தையின் பக்கத்தில் உட்கார வேண்டுமென்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.