சிஸ்டர் கூப்பிட்டால் வர வேண்டும்



செவிலியர் தினமான மே 12 வந்தால் செவிலியர்களான எங்களுக்குப் பூங்கொத்து கொடுக்கிறீர்கள். பொறுமை, தியாகம், அன்பு என்று பாராட்டுகிறீர்கள். நன்றி. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு சிஸ்டர் போன் போட்டு, "இந்த நோயாளி சரியில்லை, உடனே வாங்க" என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு நம் மருத்துவமனைகளில் என்ன மதிப்பு? அதைத்தான் இந்த மேடையில் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

சர்க்கரை நோய், காலில் ஆறாத புண், இரண்டு நாளாகக் காய்ச்சல். இப்படி ஒருவர் கேஷுவால்டிக்கு நடந்தே வருகிறார். பெயர் கேட்டால் சொல்கிறார். பி.பி.யும் மோசமில்லை. "ஒரு டிரிப் போடுங்க, காலையில பெரிய டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்" என்கிறார்கள் கூட வந்தவர்கள். சிஸ்டர் மட்டும் அவர் மார்பைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுகிறார். மூச்சு 28. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரைதான் இருக்க வேண்டும். கிருமித் தொற்றை எதிர்க்கப் போய் உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். பி.பி. விழுவதற்கு முன்பே பல நேரங்களில் மூச்சு அதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஷாக் நிலைக்குப் போய்விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும். காலை ரவுண்ட்ஸ் வரை அந்த உயிர் காத்திருக்காது.

நம் செவிலியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எண்ணாமலே கேஸ் ஷீட்டில் 18, 20 என்று எழுதும் வழக்கம் பல வார்டுகளில் இருக்கிறது. வார்டு முழுவதற்கும் ஒருவர், இருவர் என்று ஆளை வைத்தால் வேறென்ன நடக்கும்? ஆள் போடச் சொல்லிப் போராடுவோம். ஆனால் அந்த ஒரு நிமிடத்தை விடாதீர்கள். போனில் "பேஷன்ட் டல்லா இருக்கார் சார்" என்று இழுக்காதீர்கள். "மூச்சு 28, பல்ஸ் 124, கால் புண், செப்சிஸா இருக்கும்னு நினைக்கிறேன், நீங்க இப்பவே நேர்ல வந்து பார்க்கணும்" என்று சொல்லுங்கள். டூட்டி டாக்டர் வரவில்லையா? அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

சொன்னால் மட்டும் போதுமா? 2005-இல் இங்கிலாந்தில் மார்ட்டின் பிரோமிலி என்ற விமானியின் மனைவிக்குச் சைனஸ் அறுவைக்காக மயக்க மருந்து கொடுத்தார்கள். மூச்சுவழி அடைத்துக்கொண்டது. தேர்ந்த மருத்துவர்கள் மூவர் குழாயை உள்ளே செலுத்துவதிலேயே போராடிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் துளையிடும் டிராக்கியாஸ்டமி செட்டை ஒரு நர்ஸ் கொண்டுவந்து, இதோ தயார் என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு நர்ஸ் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு வந்தார். மருத்துவர்கள் பார்த்த பார்வையில் கூசிப்போய் அதை ரத்து செய்தார். சில நாட்களில் அந்தப் பெண் இறந்துபோனார். என்ன செய்ய வேண்டும் என்பது அந்த அறையில் செவிலியருக்குத் தெரிந்திருந்தது. அதை எப்படி எடுத்துச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அந்த மருத்துவர்களும் கெட்டவர்கள் அல்லர். அதனால்தான் இது எனக்கு இன்னும் அச்சமாக இருக்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனை 1990-லேயே ஓர் அவசரக் குழுவை அமைத்தது. நோயாளியின் நிலை மோசமானால் மேலே யாரிடமும் அனுமதி கேட்காமல் செவிலியரே அந்தக் குழுவை அழைக்கலாம். மூச்சு, பல்ஸ், பி.பி. எண்கள் அதற்கு அளவுகோல். இவற்றோடு, "இந்த நோயாளியைப் பற்றிக் கவலையாக இருக்கிறது" என்பதையும் அழைப்பதற்குப் போதுமான காரணமாக ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு இதுதான் பெரிய கௌரவம். எந்தப் பூங்கொத்தும் இதற்கு ஈடாகாது.

உறவினர்களுக்கும் ஒரு சொல். சிஸ்டர் திரும்பத் திரும்பப் போன் போடுவதைப் பார்த்தால் அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் வீட்டு ஆளுக்காகத்தான் அவர் போராடிக்கொண்டிருக்கிறார்.

மருத்துவமனை நிர்வாகிகளே, ஒவ்வொரு வார்டிலும் அவசரத்துக்கு அழைக்க ஒரு போன் எண்ணை எழுதி ஒட்டுங்கள். சிஸ்டர் அழைத்தால் மூத்த மருத்துவர் நேரில் வந்தாக வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். வந்து பார்த்து ஒன்றுமில்லை என்றாலும், அழைத்தவரைத் திட்டக் கூடாது என்பதையும் அதே உத்தரவில் எழுதுங்கள்.